முதல் அடிக்குப் பிறகு

மூணாறு ஜீப் ஸ்டாண்டில் சங்கையாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் அவர் கையைப் பற்றித்தான் முதலில் சொல்வார்கள். வரிசை தவறி சவாரி ஏற்றிய ஒருவனுடைய இரண்டு பல்லை ஒரே அறையில் உதிர்த்த கை. அவர் நன்றாக வண்டி ஓட்டுவார் என்பது அதற்கப்புறம்தான் வரும். இப்போது அவருக்கு ஐம்பத்தொரு வயது. எங்கள் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், எனக்கு அடுத்த வீடு. நடந்ததை அவரே பல தடவையாக என்னிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொல்லாமல் விட்டதை வட்டவடையில் கேம்ப் இடம் வைத்திருக்கும் ஜோமோள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

சங்கையாவின் அப்பா தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்த்தார். குடித்துவிட்டு வந்தால் அடுப்படியில் கிடக்கும் விறகை எடுத்துத்தான் மனைவியை அடிப்பார். சங்கையாவுக்குப் பதினேழு வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த விறகைப் பிடுங்கி அப்பாவையே அடித்தார். லயத்துப் படிகளில் உருண்டு விழுந்த மனுஷன் இடுப்பெலும்பு முறிந்து ஐந்து மாதம் படுத்துக் கிடந்தார். எழுந்த பிறகு மனைவி மேல் கை வைக்கவில்லை. அடித்தால் காரியம் நடக்கும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டதாகச் சங்கையா சொல்வார். தப்பாகக் கற்றுக்கொண்டது தெரிய முப்பது வருடத்துக்கு மேல் ஆனது.

சின்னத்தாயைக் கல்யாணம் செய்து எட்டு வருடம் குடித்தனம் நடத்தினார். அவரும் குடித்தார், அவரும் அடித்தார். ஒரு நாள் அவள் வலது மணிக்கட்டைப் பிடித்து நிலைக்கதவில் மோதினார். எலும்பு முறிந்த சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. எதற்காக அடித்தார் என்பது அவருக்கே இன்று நினைவில்லை. படியில் வழுக்கி விழுந்ததாகச் சின்னத்தாய் டிஸ்பென்சரியில் சொன்னாள். கம்பவுண்டரும் அப்படியே எழுதிக்கொண்டார். கொழுந்து கிள்ளும் கைக்கு மூன்று மாதம் மாவுக்கட்டு. கட்டுப் பிரித்த வாரமே ஆறு வயது மகளைக் கூட்டிக்கொண்டு குமுளியில் இருந்த அண்ணன் மொக்கையன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இழுத்து வருவதற்காக ஜீப்பை எடுத்துக்கொண்டு இவரும் போனார். வாசலில் மொக்கையன் அரிவாளோடு நின்றான். உள்ளேயிருந்து சின்னத்தாய் குரல் மட்டும் வந்தது.

“அவன வெட்டிப்புட்டு நீ எதுக்கு செயிலுக்குப் போற? கதவச் சாத்துண்ணே.”

கதவு மூடியது. தெருவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு மலையேறி வந்தார். அதன் பிறகு குடிக்கவில்லை. பதினோரு வருடம் யாரையும் அடிக்கவுமில்லை. ஸ்டாண்டில் சண்டை மூண்டால் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்விடுவார். அந்தக் குணம் செத்துவிட்டது என்றே அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம்.

மூன்று வருடம் முன்பு, ஜனவரியில், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு சவாரி வந்தது. பூபதி என்ற தேங்காய் வியாபாரியும் அவர் மனைவி மௌனிகாவும். அவருக்கு முப்பத்துநாலு வயது இருக்கும், அவளுக்கு இருபத்தேழோ இருபத்தெட்டோ. ஹோட்டலில் தங்காமல் நாலு நாள் மலையில் டென்ட் போட்டுத் தங்கிச் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்பது அவர் ஆசை. புது டென்ட், மடக்கு நாற்காலி, கேஸ் அடுப்பு எல்லாம் வாங்கி வைத்திருந்தார். மலைப்பாதையில் வண்டி ஓட்டப் பயம் என்பதால் சங்கையாவைக் கூப்பிட்டார். சங்கையா ஜீப்போடு கீழே இறங்கிப் போய் ஏற்றிக்கொண்டார். பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னாறு காட்டுக்குள் ஏறி, மறையூரைத் தாண்டி முதல் ராத்திரி காந்தளூரில் தங்குவது. மறுநாள் மூணாறு வழியாக வட்டவடை.

பூபதி பேச்சில் அவ்வளவு மரியாதை. வாய்க்கு வாய் ‘டிரைவரண்ணா’, ‘சாப்டீங்களா’, ‘சிரமமுங்களா’. சின்னாறு செக்போஸ்டைத் தாண்டியதும் ரோட்டோரம் மான்கூட்டம் நின்றது. மௌனிகா கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். பன்னிரண்டு வரை எண்ணினாள். அதற்கப்புறம் சத்தமில்லை. சங்கையா மேலிருந்த கண்ணாடியில் பார்த்தார். பூபதி ஜன்னல் வழியாக மானைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தார். அவருடைய இடது கை மனைவியின் மேல்கைச் சதையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நேரே பார்த்தாள்.

“சின்னக் கொழந்தையாட்டக் கத்துறாளுங்க,” என்றார் பூபதி, கண்ணாடியில் சங்கையாவின் கண்ணைச் சந்தித்து.

சங்கையா கியரை மாற்றினார்.

காந்தளூரில் தோட்டத்தின் ஒரு கோடியில் டென்டை அடித்துக் கொடுத்துவிட்டு அவர் ஜீப்பில் படுத்துக்கொண்டார். காலையில் மௌனிகா டீ கொண்டு வந்து கொடுத்தபோது அவள் கீழுதடு வீங்கி, நடுவில் வெடித்திருந்தது. என்னவென்று கேட்டார்.

“கயித்துல கால் தடுக்கி உழுந்துட்டனுங்ண்ணா.”

அந்த டென்ட் கயிறுகளைக் கட்டியவர் சங்கையாதான். விழுந்தால் முழங்கால் சிராய்க்கும், உதடு வெடிக்காது. டிஸ்பென்சரியில் சின்னத்தாய் சொன்னதைக் கேட்டுக்கொண்டு கம்பவுண்டர் முன்னால் தான் நின்ற நிலை அவருக்கு ஞாபகம் வந்தது. டீயை வாங்கிக் குடித்தார். அந்த டீயைக் குடித்த நேரத்தில் வண்டியைத் திருப்பிக் கீழே கொண்டுபோய் அவளை அவள் வீட்டில் விட்டிருக்க வேண்டும் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அப்போது அது தோன்றவில்லை. நமக்கென்ன உரிமை என்றுதான் தோன்றியது.

இரண்டாம் நாள் மத்தியானம் டாப் ஸ்டேஷனைத் தாண்டி பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவுக்குள் நுழைந்தார்கள். வட்டவடைக்குப் போகும் ரோடு அந்தக் காட்டுக்குள்ளேதான் போகிறது. செக்போஸ்டில் இருந்த வனக் காவலர் வண்டி நம்பரை எழுதிக்கொண்டு, நடுவில் நிறுத்தாதே, இரண்டு நாளாக ஒற்றைக் காட்டெருமை ரோட்டில் நிற்கிறது என்று சொல்லி அனுப்பினார்.

மூன்றாவது வளைவில் அது நின்றது. சோலையின் இருட்டிலிருந்து பாதி உடம்பு ரோட்டுக்கு வந்திருந்தது. ஜீப் உயரம். முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெள்ளை. சங்கையா முப்பதடி தள்ளி வண்டியை நிறுத்தி என்ஜினை ஓடவிட்டு வைத்தார். தானே விலகிப் போகும், காத்திருக்கலாம் என்றார்.

பூபதி கேட்கவில்லை. இந்த மாதிரி போட்டோ இனி கிடைக்காது என்று கதவைத் திறந்து இறங்கினார். “மௌனி, எறங்கு. அது பின்னால தெரியற மாதிரி நில்லு.” அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். கையைப் பிடித்து இழுத்து இறக்கினார்.

“வேண்டாம் தம்பி. அது மாடு இல்ல. சீறுச்சுன்னா ஒண்ணும் மிஞ்சாது.”

“நீங்க சும்மா இருங்ண்ணா. ஒரு நிமிசந்தானுங்க.”

மௌனிகா ஜீப்புக்கு முன்னால் பத்தடி தள்ளி நின்றாள். பூபதி போனைத் தூக்கினார். காட்டெருமை தலையைத் தாழ்த்தி மூக்கால் ஒரு தடவை ஊதியது. சங்கையா இறங்கி ஓடினார். அவர் அவளுடைய துப்பட்டாவைப் பிடிக்கவும் அது கிளம்பவும் சரியாக இருந்தது. அவளை ரோட்டோர ஓடையில் தள்ளி அவரும் மேலே விழுந்தார். தார் ரோட்டில் குளம்புச் சத்தம் தலைக்கு மேல் போனது. பிறகு தகரம் கிழிகிற சத்தம். எழுந்து பார்த்தபோது ஜீப்பின் இடது பக்கக் கதவு கொம்பில் குத்துப்பட்டு உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. சீட்டுப் பஞ்சு வெளியே தொங்கியது. காட்டெருமை எதிர்ச் சரிவில் மூங்கிலை முறித்துக்கொண்டு இறங்கிப் போனது.

பூபதியைக் காணவில்லை. பின்னால் அறுபதடி தூரத்தில் ஒரு மரத்தடியிலிருந்து வந்தார். செருப்பு ஒன்று இல்லை. மௌனிகாவின் முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. அவள் ஓடையிலேயே உட்கார்ந்து புருஷனை மேலும் கீழுமாகப் பார்த்தாள். ஒற்றைச் செருப்பைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வருகிற சிரிப்பு. அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பூபதியின் முகம் மாறியதைச் சங்கையா பார்த்தார். அந்த முகம் அவருக்கு உள்ளிருந்தே தெரியும்.

வட்டவடையில் ஜோமோளுக்குச் சொந்தமாகக் கேம்ப் இடம் இருக்கிறது. புருஷன் இறந்த பிறகு கேரட் வயலுக்கு மேலே மூன்று தட்டு நிலத்தைச் சமப்படுத்தி, டென்ட் போட வருகிறவர்களுக்கு விடுகிறாள். சங்கையாவை வருடக்கணக்கில் தெரியும். மூணே கால் மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வெயில் நன்றாக இருந்தது. கீழ்த்தட்டில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கு ஜோமோள் பால் விடாத கட்டன் சாயா கொண்டு போயிருந்தாள். சங்கையா மேல்தட்டில் டென்ட் முளைகளை அடித்துக்கொண்டிருந்தார். கணவனும் மனைவியும் ஜீப்புக்குப் பின்னால் சாமான் இறக்கினார்கள்.

முதலில் ஒரு பாத்திரம் உருண்டது. பிறகு பூபதியின் குரல், ரொம்பத் தாழ்வாக. “யாரப் பாத்துச் சிரிச்சே?” அறை விழுந்த சத்தம் வந்தது. அடுத்து இன்னொன்று. சங்கையா சுத்தியலைக் கீழே வைத்தார். போகக்கூடாது என்று நினைத்துக் கையைப் பைக்குள் விட்டதாகச் சொன்னார். அப்போது பூபதி மனைவியின் தலைமுடியைப் பிடித்து ஜீப்புக்கு இந்தப் பக்கம் இழுத்து வந்தார். மடக்கு நாற்காலியின் இரும்புக் காலைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். முதுகில் அடித்தார். அவள் கீழே விழுந்து சுருண்டதும் விலாவில் மிதித்தார். அவள் கத்தவில்லை. அடுத்த அடி எங்கே விழும் என்று தெரிந்து அந்த இடத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

கீழிருந்து ஜோமோள் கூச்சல் போட்டாள். சங்கையா ஜீப்பின் பின்பக்கம் போய் ஜாக்கியின் இரும்பு ராடை எடுத்தார்.

முதல் அடி பூபதியின் வலது கையில் விழுந்தது. இரும்புக் கால் தெறித்துப் புல்லில் போய் விழுந்தது. எலும்பு முறிந்துவிட்டது, கை தொங்கியது. பூபதி கையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தார். அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. இனி அவரால் யாரையும் அடிக்க முடியாது.

ஆனால் சங்கையா நிறுத்தவில்லை. இரண்டாவது தோளில். மூன்றாவது தாடையில், பல்லும் ரத்தமுமாகப் பூபதி பக்கவாட்டில் சாய்ந்தார். நாலாவது விலாவில். இந்த இடத்தை என்னிடம் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் அவர் குரல் தணிந்துவிடும். உடம்பு முழுக்க ஒரு சுகம் பரவியது என்றார். பதினோரு வருடம் தண்ணீர் குடிக்காதவன் குடித்த மாதிரி. கீழே கிடப்பது யார் என்பதே மறந்துபோயிற்று. அப்பாவா, பூபதியா, சின்னத்தாயைக் கதவில் மோதிய அந்த ஆளா என்று தெரியாமல் அடித்தார்.

மௌனிகா தவழ்ந்து வந்து அவர் காலைப் பிடித்தாள். “போதுமுங்ண்ணா, செத்துருவாரு, விட்ருங்க.” அவர் காலை உதறினார். அவள் மல்லாந்து விழுந்தாள். ஓங்கிய ராடோடு அவர் குனிந்து பார்த்தபோது, அவள் இரண்டு கையாலும் தன் தலையை மூடிக்கொண்டிருந்தாள்.

அவர் தன்னை அடிக்கப் போகிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

ராடு கையிலிருந்து நழுவியது. “மதி சங்கையா, மதி,” போதும் போதும் என்று மலையாளத்தில் கெஞ்சிக்கொண்டு ஓடி வந்த ஜோமோள் பின்னாலிருந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தாள். பிடிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருந்தது.

பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி மூணாறில்தான். ஒன்றரை மணி நேரம். ஆம்புலன்ஸ் வர அதைவிட நேரமாகும். பூபதியைப் பின் சீட்டில் தூக்கிப் படுக்க வைத்தவரும், வண்டியை எடுத்தவரும் சங்கையாவேதான். ஜோமோள் பூபதியின் தலையை மடியில் வைத்து, தாடையைத் துண்டால் கட்டிப் பிடித்துக்கொண்டாள். மௌனிகா முன்னால் ஏறவில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே, டிரைவரிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தாள். கதவு மடங்கிய பக்கத்திலிருந்து குளிர்காற்று அடித்தது. காட்டு ரோட்டின் ஒவ்வொரு குழியிலும் பூபதி முனகினார். சங்கையா ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார்.

“தாயி, ஒன்ன அடிக்க மாட்டேன்.”

அவள் ஜீப்பின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் பூபதியை உள்ளே கொண்டு போனதும் சங்கையா வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். போலீஸ் வந்ததும் நான்தான் என்று எழுந்து நின்றார். எஸ்.ஐ. நல்ல மனுஷன். ஜோமோள் சொன்னதைக் கேட்டுவிட்டு, பெண்ணைக் காப்பாற்றத்தானே அடித்தாய், அப்படியே எழுதலாம், கேஸ் நிற்காது என்று தைரியம் சொன்னார். மௌனிகாவிடமும் அப்படித்தானே என்று கேட்டார். அவளுக்கு இரண்டு விலா எலும்பு விரிசல். மூச்சு விட்டு விட்டுப் பேசினாள்.

“மொத அடி எனக்காக அடிச்சாருங்க. அது இல்லீன்னா நான் செத்திருப்பேன். அத எழுதிக்கோங்க. மத்த அடியெல்லாம் எனக்காக இல்லீங்க. அதையும் எழுதோணும்.”

எஸ்.ஐ. சங்கையாவைப் பார்த்தார். சங்கையா ஆமாம் என்று தலையாட்டினார். யோசித்துச் சொல், பிறகு மாற்ற முடியாது என்று எஸ்.ஐ. எச்சரித்தார். யோசிக்க ஒன்றுமில்லை, அந்தப் பிள்ளை சொன்னது சரி என்றார் சங்கையா.

இருபத்தாறு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். ஸ்டாண்டில் அவரை இனி சேர்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். சவாரி வந்தவரை அடித்துத் தாடையை உடைத்த டிரைவரை வைத்துக்கொண்டு யார் டூரிஸ்ட் தொழில் செய்வார்கள்? லயத்தில் சிலர் அவரை வீரனாக்கிப் பேசினார்கள். ஒருவர் துண்டுகூடப் போர்த்த வந்தார். சங்கையா வீட்டுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். இப்போது வட்டவடையிலிருந்து காய்கறி பிக்கப் ஓட்டுகிறார். ஜோமோள்தான் அந்த வேலைக்குச் சொல்லிவிட்டாள்.

மௌனிகா கொழிஞ்சாம்பாறைக்குத் திரும்பவில்லை. நாலு நாள் ஜோமோள் வீட்டில் படுத்திருந்துவிட்டு, கொல்லங்கோட்டில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனாள். புருஷன் மேல் தனியாகக் கேஸ் கொடுத்தாள். பூபதியின் ஆட்கள் இரண்டு தடவை அங்கே போய்ச் சமாதானம் பேசினார்கள், ஒரு தடவை ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். அவள் கேஸை வாபஸ் வாங்கவில்லை. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறாள் என்று ஜோமோள் சொன்னாள்.

சங்கையாவின் கேஸ் தேவிகுளம் கோர்ட்டில் இன்னும் நடக்கிறது. போன வருடம் ஜூலையில் ஒரு வாய்தாவுக்கு அவரோடு நானும் போயிருந்தேன். கனமழை. வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சுதான் நனையாமல் இருந்தது. அதன் ஒரு கோடியில் சங்கையா உட்கார்ந்திருந்தார். கூப்பிடும் வரை நிற்க முடியாமல் பூபதியும் வந்து மறு கோடியில் உட்கார்ந்தார். தாடை ஒரு பக்கம் இழுத்துத் தைத்தது போலிருந்தது. வலது கையை முழுதாக நீட்ட முடியவில்லை. பேச்சு குழறினாலும் மரியாதை குறையவில்லை.

“பெரிய யோக்கியராட்ட என்னைய அடிச்சீங்களே. உங்க ஊட்டுப் பொம்பளைய நீங்க கை நீட்டுனதே இல்லீங்களா?”

நான் சண்டை வரும் என்று எழுந்தேன். சங்கையா நகரவில்லை.

“அடிச்சிருக்கேன்,” என்றார். “எட்டு வருசம் அடிச்சேன். கைய ஒடிச்சேன். படியில விழுந்தேன்னு அவ சொன்னா, நானும் பக்கத்துலயே நின்னேன்.”

வராந்தாவில் நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். வக்கீல் குமாஸ்தா ஒருவர் எழுதுவதை நிறுத்தினார். இத்தனை வருடத்தில் இதை என்னைத் தவிர வேறு யாரிடமும் அவர் சொன்னதில்லை.

பூபதி தாடையைத் தடவிக்கொண்டார். “அவங்க இப்ப?” என்றார்.

“போயிட்டா. வர மாட்டா. வரவும் கூடாது.” பிறகு சங்கையா பூபதி பக்கம் திரும்பி, “ஒங்க தாடைக்கி நாந்தான் பொறுப்பு தம்பி. அதுல மாத்தமில்ல. அந்தப் புள்ளைய விட்ருங்க. ஆளு அனுப்பாதீங்க,” என்றார்.

பூபதி மழையைப் பார்த்தபடி இருந்தார். உள்ளே கேஸ் நம்பரைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எழுந்து போனார்கள். நீதிபதி விடுப்பில் இருந்ததால் அக்டோபருக்குத் தள்ளி வைத்தார்கள். பஸ் வர நேரமிருந்தது. சங்கையா கடையில் இரண்டு டீ சொல்லி, ஒன்றை என்னிடம் நீட்டினார். மற்றக் கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.